பாடலாசிரியர் ஹண்டரின் இளமைக் குறிப்புகள்: தங்கள் நூல் அறிமுகத்துக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கிரேட்புல் டெட் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவின் பாடலாசிரியர் ரொபர்ட் ஹண்டரின் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘தி சில்வர் ஸ்னார்லிங் ட்ரம்பெட்’ என்னும் நூலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் நூல் அறிமுகப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய ஒரு நூலுக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று அரைப் பக்கத்தை ஒதுக்கியது பாராட்டத்தக்கதே. ஆயினும், கட்டுரையாளர் இதனை ஒரு ஹிப்பியின் சுயசரிதை என்று வகைப்படுத்தியிருப்பதும், சம்பவம் என்று சொல்லத்தக்க எதுவும் இதில் இல்லையென்று குறைப்பட்டிருப்பதும், அச்சுக்குக் கொடுக்குமுன் அனுபவமுள்ள ஒருவர் இதைச் செம்மைப்படுத்தியிருக்கலாம் என்று ஆலோசனை கூறியிருப்பதும் மறுப்பின்றி விடத்தக்கவை அல்ல. முதலாவது காலக் குழப்பம். மற்றைய இரண்டும், கையிலிருக்கும் நூல் எத்தகையது என்பதைக் கவனியாததால் வந்தவை. கட்டுரையாளர் கேட்டிருக்கும் அந்தச் செம்மைப்படுத்தல் நடந்திருந்தால் நாம் இழந்திருக்கக் கூடியது என்ன என்பதைச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

ஹண்டர் 1941 இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 2019 செப்டெம்பர் 23 அன்று தமது 78 ஆவது வயதில் காலமானார். நூல் 2024 ஒக்டோபரில் வெளியானது. இவ்விரு ஆண்டுகளை மாத்திரம் பார்ப்பவர், புகழ்பெற்ற முதியவர் ஒருவர் தமது கடைசிக் காலத்தில் எழுதி வைத்துவிட்டுப் போன நினைவுகள் இவை என்றே எண்ணுவார். கட்டுரையாளரும் அவ்வாறே எண்ணியிருக்கிறார் என்பது அவர் ‘முதுமையின் மறதி’யைப் பற்றி எழுதியிருக்கும் பந்தியிலிருந்து தெரிகிறது. ஆனால் ஹண்டர் இதனை எழுதியது 1960களின் தொடக்கத்தில். இருபது வயதை அப்போதுதான் எட்டியிருந்த ஓர் இளைஞராக, தாம் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த நண்பர்களோடு அதே ஊரில் திரிந்துகொண்டிருந்த நாட்களில். அவரது பாடல் ஒன்றைக்கூட எவரும் அப்போது பாடியிருக்கவில்லை. அவரது பெயரை அந்த ஊருக்கு வெளியே எவரும் அறிந்திருக்கவும் இல்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்த கையெழுத்துப் பிரதி இது. கிரேட்புல் டெட் இசைக்குழுவின் வரலாற்றை 2002 இல் நூலாக வெளியிட்ட டெனிஸ் மக்னலி இப்பிரதியை முன்னரே பார்த்துப் பயன்படுத்தியிருந்தார். இப்போதைய பதிப்புக்கு அறிமுகவுரை எழுதியிருப்பவரும் அவரே. ஆகவே இதில் முதுமையும் இல்லை, மறதியும் இல்லை. வேண்டுமானால் இளமையின் அளவுமீறிய ஞாபகம் இருக்கிறது என்று குறை சொல்லலாம்.

அடுத்தது ஹிப்பி என்ற வகைப்பாடு. நூலின் காலம் 1961 ஐ ஒட்டியது. ஜோன் கென்னடி அவ்வாண்டு ஜனவரியில்தான் ஜனாதிபதியாகப் பதவியேற்றிருந்தார். அமெரிக்கத் தரைப்போர்ப் பிரிவுகள் வியட்நாமில் இறங்குவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. சன் பிரான்சிஸ்கோவின் ஹைட் ஆஷ்பரி வட்டாரத்தில் நாடெங்குமிருந்து இளைஞர்கள் வந்து குவிந்த, ஹிப்பிகளின் அந்தக் கோடை 1967 இனுடையது. நூலில் வரும் இளைஞர்களுக்கு முன்னே இருந்தவர்கள், 1950களில் மரபை மறுத்து எழுதிய பீட் எழுத்தாளர்கள். லோரன்ஸ் பெர்லிங்கெட்டி சன் பிரான்சிஸ்கோவில் சிட்டி லைட்ஸ் புத்தகசாலையைத் தொடங்கியது 1953 இல். அலன் கின்ஸ்பெர்க்கின் கவிதை நூலை வெளியிட்டதற்காக அவர் மீது தொடரப்பட்ட ஆபாச வழக்கில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகியது 1957 இல். அந்த அலை ஓய்ந்துகொண்டிருந்தது. அடுத்த அலைக்கோ இன்னும் அறிகுறியே இல்லை. இரண்டுக்கும் நடுவே, எந்த இயக்கத்தின் பெயரும் ஒட்டாமல், பலோ அல்டோ என்ற பல்கலைக்கழக ஊரில் கோப்பிக் கோப்பைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிலரைப் பற்றியதே இந்நூல். தாங்கள் ஒன்றின் தொடக்கம் என்பதை அவர்களில் ஒருவரும் அறியவில்லை. நூலின் முழுப் பெறுமதியும் அந்த அறியாமையில்தான் தங்கியிருக்கிறது.

அந்தச் சூழலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லாததால் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பலோ அல்டோ, சன் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீற்றரை அண்டிய தொலைவில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வாசலில் இருக்கிறது. அதற்கு அடுத்த ஊரான மென்லோ பார்க்கில் ரோய் கெப்லர் என்பவர் 1955 இல் ஒரு புத்தகசாலையைத் திறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்காகத் தொழில் முகாம்களில் காலம் கழித்தவர் அவர். கௌரவமான புத்தக வியாபாரிகள் மெல்லட்டைப் பதிப்புகளைத் தீண்டாதிருந்த காலத்தில் அவர் அவற்றையே தமது கடையின் முதலாக்கினார். வாங்காமல் நாள் முழுவதும் உட்கார்ந்து படிப்பவர்களை அவர் விரட்டவில்லை. கிற்றாரோடு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்பவனையும் விரட்டவில்லை. அந்தக் கடையில் பணியாற்றிய அயிரா சாண்ட்பேர்ல் காந்தியத்தில் ஊறியவர். பாடகி ஜோன் பேயஸுக்கு அகிம்சையைக் கற்பித்த ஆசான் என்று சொல்லத்தக்கவர். அவ்விருவரும் சேர்ந்து 1965 இல் அகிம்சையைக் கற்பதற்கென்றே ஒரு நிலையத்தையும் நிறுவினார்கள். ஹண்டரும் அவரது நண்பர்களும் தங்கள் பகல்களைக் கழித்தது இத்தகைய மனிதர்களின் நிழலில். மாலையில் செயின்ட் மைக்கல்ஸ் அலி என்ற கோப்பிக்கடை. இரவில், யாருடைய அறையில் இடம் கிடைக்கிறதோ அங்கே. மென்லோ பார்க்கில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருந்த பழைய பெரிய வீடொன்றை அவர்கள் சற்று வேடிக்கையாக ‘மாளிகை’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார்கள்.

அந்த நண்பர்களுள் ஒருவர், பின்னாளில் கிரேட்புல் டெட் குழுவின் கிற்றார்க் கலைஞரான ஜெரி கார்சியா. ஹண்டரைவிட ஒரு வயது இளையவர். இராணுவத்தில் சேர்ந்து, ஒழுங்குக்குக் கட்டுப்படாததால் 1960 இன் இறுதியில் வெளியேற்றப்பட்டவர். அலன் டிரிஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர், தந்தை ஓராண்டு ஆய்வுக்காக ஸ்டான்போர்டுக்கு வந்ததனால் அங்கு வந்து சேர்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கச் சென்றார். அவரே பிற்காலத்தில் அக்குழுவின் பாடல் உரிமைகளைக் கவனித்த நிறுவனத்தை நடத்தினார் என்பது, நூலைப் படித்து முடித்த பின் நினைத்துப் பார்க்கத்தக்க செய்தி. வில்லி லெகேட் என்றொருவரும் உண்டு. எந்த ஊரின் இலக்கிய வட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்: எல்லாவற்றையும் படித்தவர், எதையும் எழுதி முடிக்காதவர், அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிறர் நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1961 இன் ஒரு கட்டத்தில் ஹண்டரும் கார்சியாவும், பழுதடைந்த தத்தம் கார்களை ஒரு வெற்றுக் காணியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அவற்றுள்ளேயே வசித்தார்கள். ஹண்டரிடம் இராணுவச் சேவையிலிருந்து கொண்டுவந்த அன்னாசிப் பேணிகள் இருந்தன. கார்சியாவின் காரிலோ பிளாஸ்டிக் கரண்டிகள் இருந்தன. பேணிகள் தீரும்வரை அன்னாசியே அவர்களின் காலை உணவு. இந்தக் கதை அக்குழுவின் இரசிகர்களிடையே புராணம் போல வழங்குவது. பிற்காலத்தில் கார்சியாவே நேர்காணல்களில் சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான். கட்டுரையாளர் இதனை ‘வேலையற்றவர்களின் விளையாட்டு’ என்று ஒதுக்கியிருக்கிறார். அதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வீடென்று ஒன்று எங்கோ இருக்கிறது, விரும்பினால் திரும்பிப் போகலாம் என்ற நிச்சயத்தோடு ஏற்கும் வறுமை வேறு. அந்த வாசல் இல்லாதவனின் வறுமை வேறு. அந்த வட்டத்தில் முதலாவது வகையினர் பலர் இருந்தனர். ஆனால் ஹண்டரை அவர்களோடு சேர்த்துவிட முடியாது. தந்தை கைவிட்டுப் போனபின் சிறுவயதில் பிறர் வீடுகளில் வளர்க்கப்பட்டவர் அவர். ஹண்டர் என்பதே பின்னர் வந்த மாற்றாந்தந்தையின் பெயர். நண்பர் கூட்டத்தின் மேல் அவர் கொண்டிருந்த, சில இடங்களில் நமக்குச் சற்று மிகையாகவே தோன்றும் பற்றினை இப்பின்னணியோடு சேர்த்துப் படித்தால் அது மிகையாகத் தோன்றாது.

எதுவும் நடப்பதில்லை என்ற இரண்டாவது குறைக்கு வருகிறேன். உண்மையில் நூலின் பெரும்பகுதி பேச்சு. விடியும்வரை நீளும் பேச்சு. கடவுளைப் பற்றி, கலையைப் பற்றி, அறையின் வாடகையை யார் கட்டுவது என்பதைப் பற்றி. இடையிடையே ஹண்டர் தமது கனவுகளையும் எழுதி வைக்கிறார். பிறர் கனவுகளைப் படிப்பது எனக்கும் அலுப்பூட்டும் காரியம்தான். அப்பக்கங்களை நான் வேகமாகவே கடந்தேன். ஆனால் பேச்சுப் பகுதிகள் அவ்வாறல்ல. பின்னாளில் பாடலாசிரியராகப் போகும் ஒருவர் மனிதர் பேசும் முறையைக் காதால் வாங்கிப் பழகும் இடங்கள் அவை. யார் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், யார் அடுத்தவர் வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார், சண்டைக்குப் பின் முதலில் பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பவற்றையெல்லாம் அவர் கவனித்திருக்கிறார். 1970 இல் அக்குழு வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளில் சூதாடிகளும் சுரங்கத் தொழிலாளரும் நாடோடிகளும் தத்தம் குரலிலேயே பேசுவதைக் கேட்டவர்கள், அந்தக் காது எங்கே பயின்றது என்பதை இந்நூலில் கண்டுகொள்வார்கள்.

நடந்தவையும் இல்லாமல் இல்லை. ஹண்டரும் கார்சியாவும் ‘பொப் அண்ட் ஜெரி’ என்ற பெயரில் இருவராக நாட்டார் பாடல்களைப் பாடித் திரிந்தார்கள். அந்தச் சோடி நீடிக்கவில்லை. கார்சியா நாளெல்லாம் கிற்றாரும் பின்னர் பன்ஜோவும் பயிலும் வெறியில் இறங்கினார். ஹண்டருக்கு அந்த வெறி இசைக்கருவியில் இல்லை, எழுத்தில் இருந்தது. ஒருவரின் கை முன்னேறிக்கொண்டே போவதையும் தம் கை பின்தங்குவதையும் கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதிய பக்கங்கள் இவை. எழுதும்போது, தாம் ஒருநாள் அதே கைக்குப் பாட்டெழுதிக் கொடுப்போம் என்பது அவருக்குத் தெரியாது. குழு 1965 இல்தான் வேறு பெயரில் உருவாகி, அவ்வாண்டின் இறுதியிலேயே கிரேட்புல் டெட் என்ற பெயரை ஏற்றது. நியூ மெக்சிகோவிலிருந்த ஹண்டர் தபாலில் அனுப்பிய வரிகளைக் குழுவினர் பாட்டாக்கியதும், பின் அவர் நேரில் வந்து சேர்ந்ததும் 1967 இல். 1994 இல் ரொக் இசைக்கான கௌரவ மண்டபத்தில் அக்குழு சேர்க்கப்பட்டபோது, மேடையில் வாசிக்காத ஹண்டரும் அதன் உறுப்பினராகவே சேர்க்கப்பட்டார். இவை எல்லாம் நமக்குத் தெரியும். நூலை எழுதியவருக்குத் தெரியாது. இதனாலேயே, குழுவின் பிறப்பைச் சொல்லும் நூல் என்று பதிப்பகத்தார் அதற்குக் கொடுத்திருக்கும் துணைத் தலைப்பை நான் ஏற்கவில்லை. விற்பனைக்கு அது உதவலாம். ஆனால் குழுவைத் தேடி நூலைத் திறக்கும் வாசகர், கட்டுரையாளரைப் போலவே, எதுவும் நடக்கவில்லை என்று சலித்து மூடிவிடுவார். ஆங்கிலக் கவிஞர் கீற்ஸின் 1820 ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த முதன்மைத் தலைப்பே போதுமாயிருந்தது. இருபது வயதில் கீற்ஸைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தவர்களின் நூல் என்பதை அது சரியாகவே சொல்கிறது.

போதைப்பொருள் பற்றிய பந்தியையும் திருத்த வேண்டியுள்ளது. எல்.எஸ்.டி. என்ற இரசாயனத்தை ஹண்டர் முதன்முதலில் உட்கொண்டது 1962 அளவில், மென்லோ பார்க்கில் முன்னாள் படையினருக்கான அரச மருத்துவமனையில், கூலி பெற்ற பரிசோதனைத் தொண்டராக. நாவலாசிரியர் கென் கீசியும் அதே மருத்துவமனையில் அவ்வாறே உட்கொண்டவர். அப்பரிசோதனைகளின் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணம் இருந்தது என்பது 1970களின் விசாரணைகளில்தான் வெளியே வந்தது. நூலின் மையமான காலம் இதற்கு முந்தியது. கட்டுக்கடங்காத அந்த இரவுகளுக்கெல்லாம் கோப்பியும் தூக்கமின்மையும் பேச்சுமே பெரும்பாலும் காரணமாயிருந்தன. தமது நூலை ‘போதையின் விளைச்சல்’ என்று ஒருவர் வர்ணித்ததைப் படித்திருந்தால் ஹண்டர் சிரித்திருப்பார். அரசாங்கம் அதை அவருக்குக் கொடுப்பதற்கு முன்னரே அவர் எழுதும் பழக்கத்தில் ஊறிவிட்டார்.

இந்த வட்டத்தின் மேல் விழுந்த மரணத்தைக் கட்டுரையாளர் குறிப்பிடாதது எனக்கு வியப்பாயிருந்தது. 1961 பெப்ரவரி 20 அன்று, அந்த ‘மாளிகை’ வீட்டிலிருந்து நால்வர் புறப்பட்டுச் சென்ற கார் மிகை வேகத்தில் வீதியை விட்டு விலகிப் புரண்டது. பதினாறு வயதேயான போல் ஸ்பீகல் என்ற ஓவியக்கார இளைஞர் அதில் இறந்தார். கார்சியா முன்கண்ணாடி வழியாக வெளியே வீசப்பட்டுக் காறை எலும்பு முறிவோடு தப்பினார். டிரிஸ்டும் அந்தக் காரில் இருந்தவரே. தமது வாழ்க்கை உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்று கார்சியா பிற்காலத்தில் கூறுவதுண்டு. அந்தக் கூற்று அழகானது. ஆனால் பின்னோக்கிப் பார்ப்பவனால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஹண்டர் வந்து சேர்ந்தது இந்த மரணத்துக்குச் சில வாரங்களுக்குப் பின். அவர் கண்ட நண்பர்கள் புதுவாழ்வு தொடங்கியவர்களாக அல்ல, என்ன செய்வதென்று தெரியாதவர்களாக இருந்தார்கள்.

அந்தத் திகதி நம்மவர் பலருக்கு வேறொரு காரணத்தால் நினைவிலிருக்கும். யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாவட்ட அரச அலுவலகத்தின்) முன்னால் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் 1961 பெப்ரவரி 20 அன்றுதான். தற்செயலான பொருத்தம் என்பதற்கு மேல் இதற்கு நான் பொருள் கற்பிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. ஏப்ரல் 17 இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டுத் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது வரையிலான அந்த வாரங்களைப் பற்றி நான் படித்தவை எல்லாம் தலைவர்களின் நினைவுகளும் பத்திரிகைச் செய்திகளும் பிற்காலத்து ஆய்வுகளுமே. கச்சேரி வாசலில் குந்தியிருந்த இருபது வயதுக்காரர் ஒருவர் அன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு கொப்பியில் எழுதியது என்று எதையும் நான் படித்ததில்லை. அவர்களுள் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? எழுதியதைப் பொருட்படுத்தி எடுத்து வைப்பாரில்லை என்பதே காரணமாயிருக்க வேண்டும். மென்லோ பார்க்கில் காந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் வெற்றுப் பேச்சுக்குக்கூட ஓர் எழுத்தர் வாய்த்தார். காந்தியின் வழியில் உண்மையாகவே வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

பாடலாசிரியரின் தன்வரலாறு என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது கவிஞர் கண்ணதாசனின் வனவாசம். அது ஒளிவு மறைவற்றது. அதன் துணிவுக்கு நிகராகத் தமிழில் அதிகம் இல்லை. ஆனால் அது, அரசியலில் அடிபட்டு வெளியேறிய நடுவயதுக்காரர் தமது பழைய தம்மை நிறுத்தி விசாரிக்கும் நூல். குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே ஆயினும் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. ஹண்டரின் நூலில் நீதிபதி இன்னும் பிறக்கவில்லை. எதற்காகப் பின்னர் வருந்துவோம், எதற்காகப் பெருமைப்படுவோம் என்பது தெரியாதவரே எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் அற்பமானவையும் முக்கியமானவையும் ஒரே அளவான கவனத்தைப் பெறுகின்றன. கட்டுரையாளர் வேண்டிய செம்மைப்படுத்தல் இதைத்தான் முதலில் அழித்திருக்கும். கார்சியா வரும் பக்கங்கள் நீண்டிருக்கும். பெயர் தெரியாமல் போன மற்றவர்கள் வரும் பக்கங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் அத்தியாயமும் வரப்போகும் புகழை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும். பதிப்பாசிரியர்கள் அதைச் செய்யாமல், தற்கால இசைக்கலைஞர் ஜோன் மேயரின் முன்னுரையையும் மக்னலியின் அறிமுகத்தையும் முன்னேயும், பிரிஜிட் மையரின் பின்னுரையைப் பின்னேயும் வைத்து, நடுவிலுள்ளதை அதன் போக்கில் விட்டது சரியான முடிவு. இவற்றுள் பின்னுரையே எனக்கு முக்கியமாகப்பட்டது. அக்காலத்தில் மையர் பள்ளி மாணவி, கார்சியாவின் காதலி, அந்த வட்டத்தின் உள்ளேயே இருந்தவர். நூல் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் கண்ணால் பார்க்கப்பட்டது. அந்த அறையிலிருந்த பெண்ணொருத்தி தன் வாயால் பேசுவதற்கு அறுபது ஆண்டுகள் சென்றன. இந்தக் குறையைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தால் நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன்.

இனி, இது கொழும்பில் உள்ள நமக்கு எதற்கு என்ற கேள்வி. நமது சமூகத்தில் மறைந்தவரைப் பற்றி அச்சாகும் நூல் பெரும்பாலும் அந்தியேட்டி என்னும் முப்பத்தோராம் நாள் கிரியையின்போது கையளிக்கப்படும் நினைவு மலரே. தேவாரத் திருவாசகங்களுக்குப் பின் வரும் வாழ்க்கைக் குறிப்பில், பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவிகள், பிள்ளைகள் வாழும் நாடுகள் என எல்லாம் இருக்கும். பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் அவர் யாரோடு திரிந்தார், எந்தத் தேநீர்க்கடையில் கடன் வைத்தார், எந்தப் பாட்டைக் கேட்டுப் பைத்தியமானார் என்பது இருக்காது. இளமையிலேயே சகலரும் போற்ற விளங்கினார் என்ற ஒரு வரியோடு அந்த ஏழாண்டுகளும் கடந்துவிடும். கலைஞர்களுக்கும் இதே கதிதான். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், 2018 இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் முதலியோர் நம் பேச்சுத் தமிழையும் பைலாத் தாளத்தையும் கிற்றாரையும் சேர்த்துப் பொப்பிசை என்ற ஒன்றை இந்நாட்டில் உண்டாக்கினார்கள். சங்கீத சபைக்காரர்கள் அதைக் கண்டு முகஞ்சுளித்ததும், கல்யாண வீடுகள் அதை வாரி அணைத்ததும் என் வயதினருக்கு நினைவிருக்கும். அந்தப் பாடகர்களின் மேடைப் படங்களும் இசைத்தட்டு உறைகளும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் ஒத்திகை நடந்த அறை, வாத்தியத்தை இரவல் கொடுத்தவர், பாடகராக முயன்று முடியாமல் வங்கி வேலைக்குப் போய்விட்ட நண்பர், மகன் கிற்றாரைத் தூக்கிய அன்று வீட்டில் நடந்த சண்டை ஆகியவற்றை அந்த நாட்களிலேயே எழுதி வைத்தவர் எவராவது இருந்தால் அந்தக் கொப்பி எங்கே? 1983 ஜூலையில் இந்நகரில் தமிழர் வீடுகள் எரிந்தபோது இத்தகைய எத்தனை கொப்பிகள் எரிந்தன என்பதை எண்ணிச் சொல்வார் இல்லை. எஞ்சியவை குடும்பத்தாரோடு ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேர்ணுக்கும் போயின. அல்லது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரிகளின் மேல்தட்டுகளில் கிடக்கின்றன.

ஆகவே தங்கள் பத்திரிகைக்கு இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையில் உள்ள காலப் பிழையைத் திருத்தி, இந்நூல் 1960களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்பதை அடுத்த ஞாயிறு இதழில் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாமல் படிப்பவர் நூலைத் தவறாகவே படிப்பார். மற்றது, வாசகர்களிடமுள்ள பழைய கொப்பிகள், கடிதங்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பற்றி அறிவிக்கும்படி தங்கள் பத்திரிகை மூலம் ஓர் அழைப்பு விடுக்கலாம். மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்க எவரும் தயங்குவது நியாயமே. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தார் நினைவு மலர்களைக்கூட மின்வருடிப் பாதுகாத்து வருவதால், பிரதி எடுத்தபின் மூலத்தை வீட்டாரிடமே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை அவர்களோடு கலந்து செய்வது கடினமாகாது. பிரதி எடுப்பவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமலும், வீட்டார் வெட்கப்படும் பக்கங்களைக் கிழிக்காமலும், திகதி எழுதப்பட்டிருந்தால் அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளவும் வேண்டும். உயிரோடுள்ளவர் எவருக்கேனும் அப்பக்கங்கள் சங்கடம் தரக்கூடுமெனில், குறிப்பிட்ட ஆண்டுவரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவற்றைப் பூட்டி வைக்கலாம். ஹண்டரின் பிரதி அறுபது ஆண்டுகள் காத்திருந்தது; நம்முடையவையும் காத்திருக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.